பத்துப் பென் டிரைவும் ஒரு கிண்ணம் சந்தனமும்

எனக்குச் சிரிக்கக் கூடாத இடத்தில்தான் சிரிப்பு வரும். அந்த விஜயதசமிக் காலையில் பத்துப் பென் டிரைவ்களும் சந்தனம் அப்பிக்கொண்டு பூஜைத் தட்டில் கிடந்ததைப் பார்த்தபோதும் முதலில் சிரித்துத் தொலைத்தேன். அழுகை பிறகுதான் வந்தது.

இலங்கை மலையகத்தில், பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் நான் கணினி ஆசிரியை. பெயருக்குத்தான் அப்படி. கரும்பலகையில் கீபோர்ட் வரைந்து, அதில் தட்டிப் பழகச் சொல்லிக்கொண்டிருந்தேன். தரம் பத்தில் இருபத்தொரு பிள்ளைகள் கணினிப் பாடத்தை எடுத்திருந்தார்கள். கல்வி அலுவலகம் ஒரே ஒரு நிபந்தனை போட்டது. அதிகாரி வந்து பார்க்கும் நாளில் பத்துக் கணினிகளாவது இயங்க வேண்டும். இல்லையென்றால் பாடம் ரத்து. இருபத்தொரு பேரும் வேறு பாடத்துக்குப் போக வேண்டியதுதான்.

பதுளையில் ஓர் அலுவலகம் கழித்துவிட்ட, 'தின் கிளையண்ட்' என்னும் சின்னக் கணினிப் பெட்டிகள் பதினொன்று, திரைகளோடும் வயர்களோடும் வயர்களை ஒன்றுசேர்க்கும் ஹப்போடும் எங்களுக்குக் கிடைத்தன. ஒவ்வொன்றும் ஒரு சோற்றுப் பார்சல் அளவுதான். உள்ளே ஹார்ட் டிஸ்க் கிடையாது. சுவிட்சைப் போட்டதும் வயர் வழியாகத் தலைமைக் கணினியைத் தேடும். அது அனுப்பினால்தான் எழும்பும். தலைமைக் கணினியோ பதுளையிலேயே தங்கிவிட்டது. பதினொரு திரைகளும் 'தேடுகிறேன், தேடுகிறேன்' என்று ஒரே வரியை ஓட்டிக்கொண்டிருந்தன.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒவ்வொரு பெட்டியையும் திறந்து, உள்ளேயிருந்த சின்ன பட்டரியைக் கழற்றி மாட்டி, பழைய பாஸ்வேர்டை மறக்கடித்தேன். முதலில் பென் டிரைவைப் பார், அது இல்லையென்றால் வயர் வழியாகத் தேடு என்று ஒழுங்கை மாற்றினேன். இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் ஒன்றைப் பென் டிரைவில் ஏற்றிக் குத்தினேன். முதல் பெட்டி எழும்பியபோது நான் கத்திய கத்தலில், பக்கத்து வகுப்பு டீச்சர் பாம்பு என்று நினைத்து, கூட்டிக்கொண்டிருந்த தும்புத்தடியோடு ஓடி வந்தார்.

பெட்டிக்கு ஒன்றாகப் பதினொரு பென் டிரைவ்களிலும் ஏற்றி முடித்தபோது, சரஸ்வதி பூஜையான வாணி விழா வந்துவிட்டது. தொழிலுக்கு உதவும் பொருளைப் பூஜையில் வைப்பது எங்கள் வழக்கம். தோட்டத்தில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை வைப்பார்கள். லொறிச் சாவியை வைப்பார்கள். இந்தப் பெட்டிகளுக்கு உயிரே பென் டிரைவ்தானே என்று பத்தைத் தட்டில் அடுக்கினேன். மூடிகளைக் கழற்றி வைத்த புத்திசாலியும் நானேதான். பதினோராவது என் சாவிக்கொத்தில் தொங்கியது. அறையைத் திறக்கச் சாவி வேண்டும் என்பதால் அதை மட்டும் வைக்கவில்லை.

நான் போன பிறகு எங்கள் பாடசாலை அதிபர் வந்திருக்கிறார். அவர் பெரிய பக்திமான். கறுப்புப் பிளாஸ்டிக்கில் பொட்டு நிற்காமல் வழுக்கியதால், பளபளவென்றிருந்த உலோக முனைக்கே சந்தனம் வைத்துவிட்டார். தாராளமாக வைத்தார். பூஜையில் வைத்ததை விஜயதசமி வரை யாரும் தொடுவதில்லை. சந்தனம் நிம்மதியாகக் காய்ந்தது.

அதிகாரி பத்து மணிக்கு வருவதாக இருந்தது. விழாவுக்கும் அவரே விருந்தினர். எட்டு மணிக்குத் தட்டை எடுத்தவள் ஒன்பதரை வரை கொண்டை ஊசியால் சுரண்டினேன். ஒன்றுகூட வேலை செய்யவில்லை.

"டீச்சர், தண்ணியில ஊறப் போட்டா இளகிருமில்ல?" என்றார் அதிபர்.

"சார், நீங்க தயவுசெஞ்சு அங்கிட்டுப் போங்க!"

அதிபரிடம் பேசும் பேச்சா அது? அவர் முகம் சுருங்கிவிட்டது. "நல்லதுக்குத்தானே டீச்சர் வச்சேன்" என்று முணுமுணுத்தார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே இருபத்தொரு முகங்கள். கீழே வளைவில் ஜீப் ஹோர்ன் அடித்தது.

சாவிக்கொத்தில் இருந்ததை ஒரு பெட்டியில் குத்தினேன். ஒன்றாவது ஓடட்டும் என்ற கோபம்தான். மற்றப் பத்துத் திரைகளிலும் பழைய வரி ஓடியது: தேடுகிறேன், தேடுகிறேன். பென் டிரைவ் கிடைக்காததால் அவை பழைய புத்திக்கே திரும்பியிருந்தன. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடி முட்டாளே, அவை கேட்டுக்கொண்டுதானே இருக்கின்றன! யாராவது பதில் சொன்னால் போதாதா? இந்த லினக்ஸ் எழும்பும் மெனுவில் கடைசியாக, மற்றக் கணினிகளுக்கும் வயர் வழியாகக் கொடு என்று ஒன்று இருக்கும். இத்தனை நாளும் நான் அதைத் தாண்டித்தான் போயிருந்தேன். வயர்களை, வந்த அன்றே, சும்மா அழகுக்காக எல்லாப் பெட்டிகளிலிருந்தும் ஹப்புக்கு இணைத்து வைத்திருந்தேன்.

அந்தக் கடைசி வரியைத் தேர்ந்தெடுத்துத் தட்டினேன்.

ஒரு நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு ஜன்னலோரப் பெட்டி தேடுவதை நிறுத்தியது. அடுத்தது நிறுத்தியது. மூன்றாவது, நான்காவது... பட்டாசுச் சரம் போல வரிசையாக நீலத் திரைகள் விரிந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை. எட்டிப் பார்க்க வந்த தும்புத்தடி டீச்சரைக் கட்டிப்பிடித்துச் சுற்றினேன். வாசலில் அதிகாரி நின்றதை அவர்தான் கண்ணால் காட்டினார்.

யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிப்பானவர். மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பெட்டிகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "உள்ளுக்கு ஹார்ட் டிஸ்க்கும் இல்லை, ஒண்டைத் தவிர மற்றதுகளில பென்னும் குத்தேல்லை. அப்ப எங்கயிருந்து டீச்சர் வருது?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு பிள்ளை சொன்னாள்: "ஒன்னு குடுக்குது சார், மத்ததெல்லாம் வாங்கிக்குது."

அதிகாரி ஒவ்வொரு திரையாக எண்ணினார். பதினொன்று. மறுபடியும் எண்ணிவிட்டு, நின்றபடியே கையெழுத்துப் போட்டார்.

அதிபருக்குக் கண் கலங்கிவிட்டது. போனவர் சந்தனக் கிண்ணத்தோடு திரும்பி வந்தார். எல்லோரையும் எழுப்பிய அந்தப் பெட்டியைப் பக்தியோடு நெருங்கி, என் சாவிக்கொத்துப் பென் டிரைவை நோக்கி விரலை நீட்டினார்.

"சார், வேணாம்!"

நான் கத்தவில்லை. இருபத்தொரு பிள்ளைகளும் ஒன்றாகக் கத்தினார்கள். அதிபர் திடுக்கிட்டு நின்று, பிள்ளைகளைப் பார்த்து, என்னைப் பார்த்து, அந்தச் சந்தனத்தைத் தன் நெற்றியிலேயே வைத்துக்கொண்டார்.