ரப்பர் மரத்தில் கட்டிய தூளிகள்

மனிதர்களை இரண்டு மரங்களுக்கு நடுவே தொங்கவிட்டு, மறுநாள் காலையில் சிரித்த முகத்தோடு "நன்றாகத் தூங்கினீர்களா?" என்று கேட்பதுதான் ஆறு வருடம் என் தொழில். உங்களில் யாராவது தூளியில் ஏறப்போய் அந்தப் பக்கமாகக் கவிழ்ந்திருந்தால் நாம் சொந்தக்காரர்கள். கூச்சப்படாமல் மேலே படியுங்கள்.

அதற்கு முன் திருவனந்தபுரத்தில் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் பதினான்கு வருடம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். முதுகும் மனசும் ஒன்றாக மடங்கிப்போன ஒரு நாளில் வேலையை விட்டேன். பொன்முடி போகும் வழியில், விதுராவைத் தாண்டி, காட்டை ஒட்டி மேரி டீச்சரின் ரப்பர் தோட்டம் இருக்கிறது. டீச்சர் பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். தாய்மொழி மலையாளம், என்னிடம் மட்டும் தமிழை வளைத்துப் பேசுவார். மலை பார்க்க வருகிறவர்கள் இரவு தங்கித் தூங்குவதற்குத் தூளி கட்ட இடம் கேட்டேன்.

"மரத்துக்கெல்லாம் வயசாயி, கோமதி. முறிக்கிறது வரைக்கும் நீ கட்டிக்கோ. ஆணி அடிக்கக்கூடாது. கயிறு கட்டித் தோல் கேடாக்கக்கூடாது. முறிக்கப் போறேன்னு நான் சொல்ற நாள் நீ அழவும் கூடாது, கேட்டோ" என்றார்.

முறிப்பது என்றால் மரத்தைச் சாய்ப்பது. மூன்றுக்கும் தலையாட்டினேன். அன்றிலிருந்து தை மாதம் ரப்பர் இலை உதிரும்போதெல்லாம் டீச்சரின் போன் வந்துவிடுமோ என்று பயந்துகொண்டிருப்பேன். மரம் போனால் தூளி போகும். தூளி போனால் பழைய நாற்காலிதான். ஒவ்வொரு வருடமும் டீச்சர் "அடுத்த கொல்லம் பாக்கலாம்" என்பார். எனக்கு இன்னொரு வருடம் உயிர் வரும்.

தலையில் இறங்கிய பால்

என்னிடம் இருந்த ஒரே உதவியாள் செல்வராஜ் அண்ணன். குலசேகரத்துக்காரர். விடியுமுன் அந்தத் தோட்டத்திலேயே மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் ரப்பர் வெட்டுக்குப் போவார், வெயில் ஏறியதும் எனக்குத் தூளி கட்டுவார். வெட்டு நடக்கும் வரிசையில் தூளி கட்டக்கூடாது என்பது எங்கள் முதல் சட்டம். ஒரு வங்கி அதிகாரிக்கு நாங்கள் கொடுத்த இடம் பிடிக்கவில்லை. சாயங்காலம் நாங்கள் தலை திரும்பியதும், தூளியை அவிழ்த்துக்கொண்டுபோய் ஓடைச் சத்தம் கேட்கும் வரிசையில் தானே கட்டிக்கொண்டார். தூளியின் அகல நாடாவைச் சுற்றியது சரியாக மரத்தில் பால் இறங்கும் தடத்துக்குக் குறுக்கே.

விடியற்காலையில் செல்வராஜ் அண்ணன் நெற்றி விளக்கோடு வந்தார். அவருக்கு மரத்தில் கீறல் மட்டும்தான் கண்ணில் படும், மனிதர் படாது. வெட்டிவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விட்டார். பால், மரத்தில் கட்டியிருந்த தேங்காய்ச் சிரட்டைக்குப் போகாமல் நாடா வழியாக நடந்து, தூளி வழியாக இறங்கி, அதிகாரியின் தலைமுடியில் போய் உறைந்துவிட்டது. எண்ணெய் போட்டோம், சீப்புப் போட்டோம், கடைசியில் கத்திரிக்கோல்தான் போட்டோம். அவர் மரத்தைப் பார்த்தே திட்டினார். செல்வராஜ் அண்ணன் கையில் காலிச் சிரட்டையோடு நின்று சொன்னார்:

"மரம் என்னத்தக் கண்டுது சாரே, இதுவும் சிரட்டைன்னு நெனச்சிருக்கும்."

வெடிச் சத்தம்

ரப்பர் காய் முற்றினால் நல்ல வெயிலில் படார் என்று வெடிக்கும். விதை பத்தடி தூரம் பறந்து தூளிக்கு மேலே கட்டிய தார்ப்பாயில் வந்து அடிக்கும். இதை வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லவேண்டும். ஓண விடுமுறையில் வந்த ஒரு சாஃப்ட்வேர் கூட்டத்திடம் சொல்ல மறந்துபோனேன். சாப்பாட்டுக்கு முன்தான் அவர்களுடைய டீம் லீடர், நெருக்கடியில் பதறாமல் இருப்பது எப்படி என்று பிள்ளைகளுக்கு அரை மணி நேரம் பாடம் எடுத்திருந்தார்.

மத்தியானம் எல்லோரும் கொசுவலைத் தூளிகளுக்குள் படுத்திருந்தபோது பத்து இருபது காய்கள் சேர்ந்தாற்போல் வெடித்தன. யாரோ "வேட்டைக்காரங்க!" என்று கத்த, பிள்ளைகள் ஓடைப் பக்கம் ஓடிவிட்டார்கள். டீம் லீடருக்கு ஜிப் அகப்படவில்லை. உள்ளேயே உருண்டு, தூளி முறுக்கிக்கொண்டு, கொழுக்கட்டை மாதிரி தலைகீழாகத் தொங்கினார். நான் ஒரு விதையை எடுத்துக்கொண்டுபோய் வலைக்கு வெளியே காட்டி, ரப்பர் காயைப் பற்றி விளக்க ஆரம்பித்தேன். உள்ளேயிருந்து குரல் வந்தது:

"காய் எங்கேருந்து வந்ததுன்னு அப்புறம் பேசிக்கலாம் மேடம், ஜிப் எங்கே இருக்குன்னு மட்டும் சொல்லுங்க."

ஊஞ்சல் பழக்கம்

திருவனந்தபுரம் வலியசாலையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் பலகை ஊஞ்சல் உண்டு. என் மாமனார் அதில் உட்கார்ந்து காலால் ஓர் உந்து உந்தினால்தான் அவருக்குக் காப்பி இறங்கும். நான் வேலையை விட்டதில் அவருக்கு மகா கோபம். "வளந்தவாளைத் தூளியிலே போடறதுக்கு ஒரு கம்பெனியா?" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்வார். மாமியார் காலமாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. அந்த ஒரு வருடமாக அவருக்குச் சரியான தூக்கம் இல்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைப் பேசமாட்டோம்.

ஒரு நாள் தோட்டத்தைப் பார்க்க வந்தார், அதாவது குற்றம் கண்டுபிடிக்க. தூளியின் விளிம்பில் ஊஞ்சலில் உட்காருவது போல் உட்கார்ந்து, பழக்க தோஷத்தில் காலால் ஓர் உந்து. அவ்வளவுதான். கண்ணாடி ஒரு பக்கம், வேஷ்டி ஒரு பக்கம், அவர் சருகில். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். செல்வராஜ் அண்ணன் அவரைத் தூக்கி, குறுக்குவாட்டில் சாய்த்துப் படுக்க வைத்தார். "ரெண்டு நிமிஷம்" என்றவர் கண்ணை மூடினார். நாலு மணி பஸ் போயிற்று. கொஞ்சம் குறட்டை கேட்டது. ஒரு வருடமாகக் கேட்காத குறட்டை. இருட்டுவதற்கு முன் மனமில்லாமல் தொட்டு எழுப்பினேன். கண் திறந்து மரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்:

"பஸ் போனாப் போறது. என்னை என்னத்துக்கு எழுப்பினே?"

பேசாத தம்பதி

விழிஞ்ஞம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் ஒரு தூத்துக்குடிப் பையனும் அவன் புது மனைவியும் வந்தார்கள். வழியிலேயே சண்டை, ஆளுக்கொரு மரத்தைப் பார்த்தபடி நின்றார்கள். அன்று பார்த்து இருவர் படுக்கும் பெரிய தூளி ஒன்றுதான் மிச்சம். தூளியின் குணம் உங்களுக்குத் தெரியுமே, யார் எந்த ஓரத்தில் படுத்தாலும் நடுவில் கொண்டுவந்து சேர்த்துவிடும். காலையில் இருவருக்கும் ஒரே தம்ளரில் பால் விடாத கட்டன்சாயா போயிற்று. சமாதானமாகிவிட்டதா என்று அந்தப் பெண்ணிடம் மெதுவாகக் கேட்டேன்.

"சண்டை முடியலக்கா, இடம் பத்தாததால நிறுத்தி வச்சிருக்கோம்."

கடும்வெட்டு

ஆறாவது வருடம் டீச்சர் போன் செய்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு காலை செல்வராஜ் அண்ணன் ஏணியை எடுத்துக்கொண்டு வந்தார். கீழே ஒரு கீறல் போதாதென்று மேலேயும், அந்தப் பக்கமும், இந்தப் பக்கமும் கீறினார். இதற்குக் கடும்வெட்டு என்று பெயர். மரத்தைச் சாய்ப்பதற்கு முன் மிச்சமிருக்கும் பாலையெல்லாம் எடுத்துவிடுவது. அவர் என்னைப் பார்க்காமலே வெட்டினார். நான் கொடுத்த சாயாவைக் குடிக்கவும் இல்லை.

மரம் சாய்க்க ஆள் வருவதற்கு முந்தின நாள், தூளிகளை அவிழ்த்து மடித்துக்கொண்டிருந்தேன். கடைசித் தூளி இருக்கும்போது டீச்சர் வந்தார். இந்த ஆறு வருடத்தில் ஒரு தடவைகூட அதில் ஏறாதவர். "இது மறியுமோ?" என்று கேட்டார். கவிழாது என்று நானும் செல்வராஜ் அண்ணனும் ஆளுக்கொரு கை பிடித்துப் படுக்க வைத்தோம். புதுத்தளிர் விட்டிருந்த மாதம். மேலே வெயில் பச்சையாக ஆடிக்கொண்டிருந்தது. என்னிடம் அழக்கூடாது என்று சொன்னவர், அதைத் தனக்கும் சொல்லிக்கொள்ள மறந்துவிட்டார் போலிருக்கிறது. புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"முப்பது வருஷம் கீழே பால் மட்டும் பாத்து நடந்தேன், கோமதி. மேலே இப்படியா இருக்கு?"

நான் பழைய நாற்காலிக்கே திரும்பிவிட்டேன். மாதம் ஒரு ஞாயிறு விதுராவுக்குப் போய், டீச்சர் புதிதாக நட்ட விரல் பருமன் கன்றுகளைப் பிடித்துப் பார்த்து, இன்னும் என்னைத் தாங்காது என்று உறுதி செய்துகொண்டு வருவதுதான் இப்போதைக்கு என் தொழில்.