சந்தனம் வைத்த ஃப்ளாப்பி

அந்த லேப்டாப் சூடானால் இஸ்திரிப் பெட்டி வாசம் வரும். மடியில் வைத்தால் தொடை வெந்துவிடும்...

சங்கரனுக்கு அவன் மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பழைய பெட்டி. தொண்ணூறுகளின் கடைசி. பாளையங்கோட்டையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் நாங்கள் இருவரும் வாத்தியார்கள். எனக்கு விண்டோஸைத் தாண்டி ஒன்றும் தெரியாது. அவன் ஏதோ பத்திரிகையோடு வந்த சி.டி.யை வைத்து மூன்று ஞாயிற்றுக்கிழமை மல்லுக்கட்டி, அதிலேயே லினக்ஸையும் ஏற்றினான். ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம்.

பட்டனை அமுக்கினால், எதற்குள் போக வேண்டும் என்று கேட்கும். அங்கே விண்டோஸுக்கு என் பெயரையும் லினக்ஸுக்குத் தன் பெயரையும் வைத்திருந்தான், கிறுக்கன்.

ஆனி மாதம் பெங்களூரில் வேலை கிடைத்துக் கிளம்பினான். அங்கே கம்பெனியில் கம்ப்யூட்டர் தருவார்கள், இது உன்னிடம் இருக்கட்டும் என்றான். ஜங்ஷனில் ரயில் நகரும்போது ஒரு ஃப்ளாப்பியைக் கையில் திணித்தான். என்றைக்காவது திரையில் அவன் பெயர் வராமல் போனால், இதைப் போட்டு உள்ளே போகலாமாம்.

"என் பக்கத்த அழிச்சிராதலே. தீவாளிக்கு வருவேம்லா."

அவன் போனபிறகு சென்டரில் எனக்குப் பேச ஆளில்லை. அந்த இரண்டு பெயரையும் பார்ப்பதற்காகவே காலையில் லேப்டாப்பைத் திறப்பேன். சில நாள் அவன் பெயரைத் தட்டுவேன். பாஸ்வேர்டு கேட்கும்... எனக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அணைத்துவிடுவேன்.

சரஸ்வதி பூஜை வந்தது. புத்தகங்களோடு லேப்டாப்பை அடுக்கி, அதன்மேல் ஃப்ளாப்பியையும் வைத்தேன். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். ஃப்ளாப்பிக்கு மட்டும், அவன் கொடுத்ததாயிற்றே என்று, கொஞ்சம் தாராளமாகவே வைத்தேன்.

தீபாவளிக்கு அவன் வரவில்லை.

தை மாதம் ஏதோ வைரஸ் புகுந்து விண்டோஸ் படுத்துவிட்டது. எனக்குத் தெரிந்த ஒரே வித்தையைக் காட்டி, மறுபடியும் விண்டோஸை ஏற்றினேன். பட்டனை அமுக்கினால், எதையும் கேட்காமல் நேரே உள்ளே போனது. இரண்டு பெயருமே இல்லை.

பதறிப்போய் அவன் ஃப்ளாப்பியை எடுத்துப் போட்டேன். கரகரவென்றது, படிக்கவில்லை. மேல்தகட்டை விலக்கிப் பார்த்தால் உள்ளே செக்கச்செவேலென்று குங்குமம்... எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த வாரம் சென்டருக்கு போன் செய்தான். அமெரிக்கா போகிறானாம். வைக்கும்போது கேட்டான்.

"என் பக்கம் இருக்குல்லா?"

"அங்கனயேதாம்லே இருக்கு" என்றேன்.

பொய் சொல்லிவிட்டோமே என்று பல வருஷம் உறுத்தியது. உண்மையில் அவன் லினக்ஸ் அழியவே இல்லை, உள்ளே போகும் வழிதான் போயிருந்தது. வேறொரு சி.டி.யைப் போட்டு ஒரு வரி தட்டினால் பெயர்கள் திரும்பியிருக்கும். இன்று என் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த பெண் அதை ஐந்து நிமிடத்தில் செய்துவிடுவாள். எனக்கு அது தெரிய வந்தபோது லேப்டாப் செத்துப்போயிருந்தது. எங்கள் கடிதங்களும் நின்றிருந்தன.

போன மாதம் ஒரு வாட்ஸப் குரூப்பில் அவனைச் சேர்த்தார்கள். அந்தப் பெட்டி இருக்கிறதா என்று கேட்டான். பீரோவில் இருக்கிறது, பாஸ்வேர்டுதான் கடைசி வரை தெரியவில்லை என்று எழுதினேன்.

"உன் பேருதாம்லே. ஒருதடவகூட அடிச்சுப் பாக்கலியா?"

ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பிவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன்.