பாவுக்கு அடியில் போன பந்து

லாரி புக்கிங் ஆபீஸ் கோதண்டபாணிக்கு மைக்செட் தேவைப்படாத தொண்டை. முசரவாக்கத்தில் அவர் அப்பா நாலு வயல் தள்ளி நிற்கிற ஆளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு வளர்த்த தொண்டை அது, நிலத்தோடு சேர்ந்து மகனுக்கும் வந்துவிட்டது. கருட சேவைக் கூட்டத்தில் குழந்தை தொலைந்தால் போலீஸ்காரரே அவரைத்தான் தேடுவார். ஒரு குரல் கொடுத்தால் போதும், குழந்தை எங்கே இருந்தாலும் பயந்து அழும். அழுகையை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம்.

அந்தத் தொண்டையை நம்பித்தான் பத்து வருஷத்துக்கு முன்னால், 1961-இல், பாலாறு ஸ்போர்ட்டிங் கிளப்பின் செக்ரட்டரி ஆக்கினார்கள். மற்றபடி அவருக்கும் ஃபுட்பாலுக்கும் ரொம்ப தூரம். ஒரே ஒரு தடவை பந்தை உதைத்தார். செருப்பு கோலுக்குள் போனது, பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனாலும் கிளப்பு என்றால் மனுஷனுக்கு உயிர். வாலாஜாபாத்தில் வருஷா வருஷம் நடக்கிற போட்டியின் ஷீல்டை ஒரு தடவையாவது காஞ்சிபுரத்துக்குத் தூக்கிவர வேண்டும், அவ்வளவுதான் ஆசை. அதை மாட்டுவதற்கு ஆபீஸ் சுவரில் ஆணிகூட அடித்துவைத்திருந்தார். இப்போதைக்கு அதில் காலண்டர் தொங்கியது.

அந்த ஆசைக்குக் குறுக்கே நின்றது கிளப்பின் சின்னப் பசங்க டீம் என்று அவர் முடிவு கட்டியிருந்தார். அதை நடத்தியவர் சைக்கிள் கடை தாவீது. கிளப்பின் பழைய ஆட்டக்காரர், பந்து பிளாடருக்குப் பஞ்சர் ஒட்டுவதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. ஸ்கூல் கிரவுண்டைக் காலையில் திறந்துவிடமாட்டார்கள் என்பதால், நெசவாளர் தெருவிலேயே இருபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு பயிற்சி கொடுத்தார்.

அங்கேதான் ஒரு சிக்கல். காலை நேரத்தில் தெரு நீளத்துக்குப் பட்டு நூலை இடுப்பு உயரத்தில் இழுத்துக் கட்டி, கஞ்சி தடவிக் காயவைப்பார்கள். பாவு என்பது அதுதான். அதன் மேல் பந்து விழுந்தால் ஒரு புடவையே போச்சு. எட்டு ஊருக்கு வாய் நீளமுள்ள கிருஷ்ணம்மாள் ஒரு சட்டம் போட்டாள். பந்து முழங்காலுக்கு மேலே எழும்பினால் அவள் வீட்டுக்குப் போய்விடும், சாயங்காலம்தான் திரும்பி வரும். பசங்க என்ன செய்வார்கள், பாவம்? பந்தைத் தரையோடு தரையாக உருட்டிப் பாவுக்கு அடியில் விட்டு, இவர்கள் சுற்றி ஓடி அந்தப் பக்கம் பிடித்தார்கள். தாவீது சொல்லிக்கொடுத்ததில் பாதி கிருஷ்ணம்மாள் சொல்லிக்கொடுத்ததுதான்.

அந்தக் கிருஷ்ணம்மாளின் மகன்தான் சிட்டிபாபு. பத்து வயசில் தாவீதிடம் வந்தவன். பதினெட்டு வயசில் கிளப்பில் அவனைப் போல் ஆடுகிறவன் இல்லை என்ற நேரத்தில், மெட்ராஸ் கம்பெனி ஒன்று வேலையும் கொடுத்து அவனைத் தன் டீமுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அவனுக்கு முன்னால் நாலு பேர் அப்படியே போயிருந்தார்கள். கோதண்டபாணிக்கு வயிறு எரிந்தது.

"நம்ம மாவரைச்சுக் குடுக்கறோம், மெட்ராஸ்காரன் தோசை சுட்டுத் துன்னுக்கினு இருக்குறான்," என்றார் கமிட்டியில். கிளப்பை விட்டுப் போனவன் நம்ம பையனே இல்லை, அவனுக்காக எதுக்குப் பந்தும் பனியனும் என்பது அவர் கட்சி. அதே செலவில் மெட்ராஸிலிருந்து மூன்று கெஸ்ட் பிளேயரைக் கொண்டுவந்தால் ஷீல்டு நிச்சயம். அந்த வருஷம் கொண்டுவந்தும் விட்டார். மூன்று பேரும் பனைமர உயரம், பளபளவென்று பூட்ஸ். சும்மா சொல்லக்கூடாது, தலையால் முட்டி முட்டியே டீமை ஃபைனல் வரைக்கும் இழுத்துவந்துவிட்டார்கள்.

சின்னப் பசங்க டீமைக் கலைக்கும் தீர்மானத்தை அவரே எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஞாயிறு ஃபைனல், திங்கள் சாயங்காலம் கமிட்டி. தாவீதுக்கு விஷயம் தெரியும். சண்டை போடவில்லை, பசங்களிடம் திங்களுக்கு அப்புறம் என்ன ஆகும் என்று சொல்ல வாய் வராமல், வழக்கம்போல் பந்துக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு இருந்த ஒரே சந்தோஷம் அந்தக் காலை நேரம்தான், அதற்கே வேட்டு வந்துவிட்டது.

வாலாஜாபாத் கிரவுண்டில் கோதண்டபாணி முதல் வரிசை நாற்காலியில் உட்கார்ந்தார். எதிர் டீம் இறங்கியபோது அவர் முகம் செத்துப்போனது. அவர்களும் ஒரு கெஸ்ட் பிளேயரைக் கொண்டுவந்திருந்தார்கள், அது சிட்டிபாபு. பார்த்தியாபா, நம்ம சோத்தைத் துன்னுட்டு நமக்கே எதிரா வந்து நிக்கிறான் என்று பக்கத்தில் இருந்த தாவீதிடம் பொருமினார். தாவீது பையனின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. முடிய ரெண்டே நிமிஷம். பந்து சிட்டிபாபுவிடம் வந்தது. பனைமரம் மூன்றும் அவன் தூக்கி அடிப்பான் என்று எம்பத் தயாராக நின்றன. அவன் தூக்கவில்லை. முதல் ஆளின் கால் இடுக்கில் பந்தைத் தரையோடு உருட்டினான், தான் அந்த ஆளைச் சுற்றி ஓடி மறுபக்கம் பிடித்தான். ரெண்டாவது ஆளுக்கும் அதே வித்தை. மூன்றாவது ஆள் எம்பியே விட்டார், பந்து அவர் பூட்ஸுக்கு அடியில் போனது. கோல் கீப்பர் விழுவதற்குள் வலை ஆடியது. தெருவில் பாவுக்கு அடியில் விடுகிற அதே பந்து, அச்சு அசல்.

கோதண்டபாணி எப்போது நாற்காலி மேல் ஏறினார் என்று அவருக்கே தெரியாது.

"நம்ம பையன்பா! நம்ம பையன்!"

கிரவுண்டு முழுக்கக் கேட்டது. ரோட்டில் போன பஸ்ஸில் இருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். தன் டீமுக்கு எதிராக விழுந்த கோலுக்கு ஒரு செக்ரட்டரி நாற்காலி மேல் ஏறிக் குதித்ததை வாலாஜாபாத் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. தோளில் இருந்த துண்டு எங்கோ பறந்துவிட்டது. கீழே இறங்கிய பிறகுதான் ஷீல்டு போனது உறைத்தது, மனுஷனுக்கு அழுகையே வந்துவிட்டது. சிட்டிபாபு ஓடிவந்து தாவீதின் காலைத் தொட்டான், அப்புறம் இவரைப் பார்த்துச் சிரித்தான். இவர் அவசரமாகத் துண்டைத் தேடப் போய்விட்டார்.

திங்கள் சாயங்காலம் புக்கிங் ஆபீஸில் கமிட்டி கூடியது. யாரும் கோலைப் பற்றிப் பேசவில்லை, ஆனால் யாருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. கோதண்டபாணி தீர்மானத்தைப் பிரித்தார். "கிளப்பை விட்டு வெளியே போகும் பையன்கள் நம்முடைய பையன்கள் அல்ல என்பதால்" என்று தொடங்கியது அது.

தாவீது மெதுவாகக் கேட்டார். "நேத்து யாரு பையன்னு சொன்னீங்க, செக்ரட்டரி?"

கருட சேவைக் கூட்டத்தையே அதட்டுகிற அந்தத் தொண்டை, வாழ்க்கையிலேயே முதல் தடவையாக எழும்பவில்லை. அவர் காகிதத்தைப் பார்த்தார், காலண்டர் தொங்குகிற ஆணியைப் பார்த்தார்.

"பத்து வருஷமா நம்ம டீம் கோல் போட்டப்பல்லாம் கை தட்டிக்கினுதான் இருந்தேன் தாவீது," என்றார் கடைசியில். "நாக்காலி மேல ஏறிக் குதிச்சது நேத்து ஒரு வாட்டிதான்."

காகிதத்தை நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். அடுத்தது என்ன என்று கேட்டார். அடுத்தது டீ.

செவ்வாய்க்கிழமை காலை நெசவாளர் தெருவில் கிருஷ்ணம்மாள் பாவுக்குக் கஞ்சி தடவிக்கொண்டிருந்தாள். ஒரு பொடியன் உதைத்த பந்து முழங்காலைத் தாண்டி எழும்பியது. அவள் வாயைத் திறப்பதற்குள் தெருக்கோடியிலிருந்து மைக்செட் தேவைப்படாத ஒரு சத்தம் வந்தது.

"கீழ! பந்தைக் கீழ விடுடா!"

பொடியன் பயந்து அழுதான். வழக்கம்போல் பந்து கிருஷ்ணம்மாள் வீட்டுக்குப் போனது.