வள்ளம் இருந்த இடத்தில் கார்

போன மாரி முடிந்துகொண்டிருந்த நேரம். கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து திருகோணமலையில் இறங்கி, அங்கிருந்து ஓட்டோ பிடித்து, சல்லிக் கடற்கரையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு விடிந்ததும் வந்து சேர்ந்தேன். பையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால், முற்றத்தில் நான் விட்டுப்போன கார் இல்லை. காரை மூடியிருந்த உறை மட்டும் ஒழுங்காக மடித்து, பறக்காமல் மேலே ஒரு கல் வைத்துக் கிடந்தது.

அந்தக் காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காகப் போன முதல் ஆள் நான். அப்பா கையெழுத்து வைக்கப் பழகியதே என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்காகத்தான். இயந்திரப் பொறியியல் படித்து, கொழும்பில் வேலை எடுத்து, என் சொந்தச் சம்பளத்தில் வாங்கியது அந்தக் கார். என்னைவிட வயது கூடிய ஜப்பான் கார். வெளிர் நீலம். கியர் மாற்றி ஓட்ட வேண்டும். வாங்கும்போது அரை உயிர்தான் இருந்தது. சனி ஞாயிறுகளில் கராஜில் மற்றவர்களோடு சேர்ந்து நானும் கையில் கிரீஸ் பூசிக்கொண்டு அதை எழுப்பினேன். 'பொம்பிளைப் பிள்ளைக்கு ஏன் இந்த வேலை' என்று கேட்டவர்களை எல்லாம் பிறகு பக்கத்து சீற்றில் ஏற்றிக்கொண்டு ஓடிக் காட்டினேன். அதில் எனக்குப் பெருமைதான். மறைப்பதற்கு ஒன்றும் இல்லை.

ஆனால் கொழும்பில் காரை வைத்திருப்பது ஒரு தண்டனை. நுகேகொடையில் நான் இருந்த அறைக்குத் தரிப்பிடம் இல்லை. இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு வளவில் வாடகை கொடுத்து நிறுத்தினேன். ஓடுவதற்கு ரோட்டு இல்லை, நிற்பதற்குக் காசு. இந்த நேரத்தில்தான் திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. சம்பளம் குறைவு. ஆனால் நிலாவெளி தாண்டிப் புல்மோட்டை வரைக்கும் கடலோடு ஒட்டிப் போகிற ரோட்டு எனக்குத் தெரியும். விடிய வெள்ளனவே எழும்பிப் போனால் மாடுகளைத் தவிர யாரும் குறுக்கே வர மாட்டார்கள். சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை, வாழ்கிற மாதிரி வாழலாம் என்று முடிவெடுத்தேன்.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. எங்கள் வீடு கடற்கரையில் இருக்கிறது. வீட்டில் இருந்தால் வாடகை மிச்சம், அம்மாவின் சாப்பாடு. ஆனால் உப்புக் காற்று அந்தப் பழைய தகட்டைத் தின்றுவிடும். அதனால் நகரத்துக்கு அப்பால், கடலிலிருந்து தள்ளி, பாலையூற்றில் ஒரு வீடு பார்த்து வைத்தேன். வாடகை போனால் பெற்றோலுக்கு இழுபறிதான். அப்படியென்றாலும் கார் தப்பும்.

காரை ஊருக்குக் கொண்டுவந்த அன்று பின்னேரம் இதை வீட்டில் சொன்னேன்.

"காருக்காக வீடு எடுக்கிற முதல் பொம்பிளை நீயாத்தான் இருப்பாய்" என்றார் அம்மா. "எங்களோட இருக்க உனக்கு ஏலாது எண்டு நேரா சொல்லன்."

"அப்பிடியில்லை அம்மா. இந்தக் காத்தில கார் கெட்டுப்போகும்."

அப்பா தேத்தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "எவ்வளவு காலத்தில கெடும்?"

"ரெண்டு மூண்டு மாரி போதும் அப்பா."

"ம்" என்று சொல்லிவிட்டுக் கடற்கரைப் பக்கம் எழும்பிப் போய்விட்டார். நானும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. காரை முற்றத்தில் நிறுத்தி உறையால் மூடி, மேலதிகத் திறப்பை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, கொழும்பு அறையை ஒதுக்கி மிச்சச் சாமான்களைக் கட்டுவதற்காகப் பஸ் ஏறினேன். திரும்பி வந்து, அம்மாவையும் ஏற்றிக்கொண்டு காரிலேயே பாலையூற்றுக்குப் போய் வீட்டுக்கு முற்பணம் கொடுப்பதென்று ஏற்பாடு.

அந்தக் கார்தான் இப்போது முற்றத்தில் இல்லை.

"அம்மா! கார் எங்க?"

குசினிக்குள் இருந்து பதில் வந்தது. "கொப்பரைக் கேள். எனக்கும் அந்த வேலைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நான் அப்பவே சொன்னனான்."

அப்பா வீட்டுக்குப் பின்னால் கடற்கரை ஓரமாக இருக்கும் கொட்டிலின் வாசலில் நின்றார். மாரிக் காலத்தில் எங்கள் மரவள்ளத்தை இழுத்து வைக்கிற கொட்டில் அது. என்னைக் கண்டதும் முகம் முழுக்கச் சிரிப்பு. உள்ளே வா என்று கையைக் காட்டினார். வாசலுக்குப் போகும் முன்பே மணம் வந்துவிட்டது. சுறா ஈரலைக் காய்ச்சி எடுக்கிற எண்ணெயின் மணம். மரம் உளுக்காமல் இருக்க, தண்ணீர் குடிக்காமல் இருக்க வள்ளத்துக்குப் பூசுவோம். ஒரு முறை கையில் பட்டால் எத்தனை சவர்க்காரம் போட்டாலும் போகாது.

உள்ளே என் கார் நின்றது. வெளிர் நீலம் என்று சொன்னேனே, அந்த நிறம் எங்கேயும் இல்லை. கூரையிலிருந்து சில்லு வரைக்கும் மண்ணிறமாக மினுங்கியது. கடற்கரை மணல் முழுக்க அதில் ஒட்டியிருந்தது. மணலுக்கு மேலே கோழி இறகுகள். ஒரு பூனை முன் சில்லை நக்கிக்கொண்டிருந்தது. இன்னொன்று தன் முறைக்குக் காத்திருந்தது.

கதவில் ஒரு விரலை வைத்துப் பார்த்தேன், ஒட்டியது.

"என்ன பிள்ளை பாக்கிறாய்? வள்ளத்துக்குப் பூசுறதுதான். மூண்டு தரம் பூசியிருக்கிறன். கதவைத் திறந்து ரப்பர் எல்லாத்துக்கும் உள்ளால விட்டிருக்கிறன். இனி எந்தக் காத்தும் கிட்ட வராது."

வேலிக்கு அங்கால் இருந்து பக்கத்து வீட்டு மாமி எட்டிப் பார்த்தார். "வந்திட்டியே பிள்ளை? கொப்பர் உன்ர காரைப் பொரிக்கப் போறார் எண்டு ஊரெல்லாம் கதை!"

"நீங்க உங்கட வேலையைப் பாருங்கோ" என்று அப்பா அவரைத் துரத்தினார்.

அப்போதுதான் காரின் முன்பக்கம் கண்ணில் பட்டது. பம்பர் இல்லை. அது கொட்டில் மரத்தில் கயிற்றால் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கும் எண்ணெய் பூசியிருந்தது.

"அது... அப்பா, அது எப்பிடி?"

"ஓட்டோப் பெடியனைக் கொண்டு பிறேக்கைத் தளத்திப்போட்டுத் தள்ளிப் பாத்தனாங்கள். மணலில சில்லு தாண்டுபோச்சு. பிறகு கரைவலைக்காரர் எல்லாரையும் கூப்பிட்டு, அணியத்தில கயிறு போட்டு இழுத்தனாங்கள்." அணியம் என்பது வள்ளத்தின் முன்முனை. என் காருக்கு அணியம் இருக்கிறதென்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. "அது கையோட வந்திட்டுது. பயப்பிடாதை, பத்திரமா வச்சிருக்கிறன். ஆனா பிள்ளை, வள்ளத்தை விடப் பாரம் உன்ர கார்."

எத்தனை மாதச் சனி ஞாயிறுகள் அந்தப் பெயின்ற்றில் போயின என்று எனக்குத்தான் தெரியும். ரப்பர் எல்லாம் ஊதிப்போகும் என்றும் தெரியும். நல்லகாலம், நான் கத்துவதற்கு முன் அப்பா தொடர்ந்து சொன்னார்.

"நீ ரெண்டு மூண்டு மாரி எண்டாய். நீ போய் ரெண்டு நாள்தான், உறையைத் தூக்கிப் பாத்தால் சில்லுக்குள்ள வட்டமா இருக்கிற இரும்பு சிவந்துபோய்க் கிடக்குது. நெஞ்சு திக்கெண்டிட்டுது எனக்கு. அதுக்குத்தான் எல்லாத்திலும் பாக்க வடிவா பூசினனான். நாலு சில்லுக்கும்."

அது பிறேக் தகடு. ஈரக் காற்றில் ஒரே இரவில் அது லேசாகச் சிவக்கும். முதல் தரம் பிறேக் பிடித்ததும் அந்தத் துரு தானாகத் தேய்ந்துவிடும். அதனால் ஒரு கேடும் இல்லை. ஆனால் அதில் எண்ணெய் பட்டால்?

"அப்பா! அதைப் பிடிச்சுத்தான் கார் நிக்கிறது! அதில எண்ணெய் பூசினால் கார் நிக்காது!"

அப்பாவின் சிரிப்பு நின்றது. "நிக்காதோ?"

"நிக்கவே நிக்காது அப்பா. நான் இண்டைக்கு அம்மாவையும் ஏத்திக்கொண்டு பாலையூற்றுக்குப் போக இருந்தனான்."

குசினி வாசலுக்கு வந்திருந்த அம்மா நெஞ்சில் கையை வைத்தார். "ஐயோ கடவுளே, நானல்லோ முன்னுக்கு இருந்திருப்பன்!"

கார் முற்றத்திலேயே நின்று, அப்பா சில்லுக்கு மட்டும் பூசியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்குமா? தூசியை ஒரு துடைப்புத் துடைத்துவிட்டு ஏறியிருப்பேன். ஒழுங்கை தாண்டி மெயின் ரோட்டில் திரும்பும்போது பஸ் வந்தால்? அப்பா தோளில் கிடந்த துவாயை எடுத்து, குனிந்து, ஒரு சில்லைத் துடைக்கத் தொடங்கினார். துடைக்கத் துடைக்க எண்ணெய் பரவியதே தவிரப் போகவில்லை.

குனிந்தபடியே மெதுவாகச் சொன்னார். "கார் கெடாமல் இருந்தால் நீ டவுணுக்கு அங்கால வீடு எடுக்கத் தேவையில்லைத்தானே எண்டு நினைச்சன்."

அந்த நேரம் எனக்கு ஏற்பட்டது கார் இல்லாத முற்றத்தைப் பார்த்த அதிர்ச்சி அல்ல, வேறு ஒன்று. நான் வீட்டில் சொன்னதெல்லாம் காற்று, துரு, வாடகை, பெற்றோல். அதில் அப்பாவின் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான்: மகள் போகப் போகிறாள்.

அவரைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பினேன். திருப்பிய பக்கத்தில் எங்கள் வள்ளம் கிடந்தது. கொட்டிலுக்கு வெளியே, தாழம் பற்றைக்குப் பக்கத்தில், திறந்த வெளியில். மாரி முடிகிற நேரத்தில் அது எண்ணெய் குடித்துக் கறுத்து இருக்க வேண்டும். வெளுத்துக் காய்ந்து கிடந்தது.

"வள்ளத்துக்குப் பூசேல்லையோ?" என்றேன்.

"எதைப் பூசுறது?" என்றார் அம்மா. "அதுக்கெண்டு காய்ச்சி வச்ச முழுத்தையும் உன்ர காருக்கு ஊத்திப்போட்டார். அவங்கள் எல்லாரும் தொழிலுக்கு இறங்கப்போறாங்கள். இவர் கரையில இருந்து பாத்துக்கொண்டு இருக்கப்போறார்."

அப்பா நிமிரவில்லை. "வள்ளம் எங்க போகப்போகுது? அது இங்கதானே கிடக்கும்" என்றார்.

அதற்குப் பிறகு நான் அழுதேன். அப்பா பயந்துவிட்டார். பம்பருக்காக அழுகிறேன் என்று நினைத்து, அதை எப்படியும் திருப்பிப் பூட்டலாம் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அன்று நான் பாலையூற்றுக்குப் போகவில்லை. வீட்டுக்காரருக்குப் போன் பண்ணி வேண்டாம் என்று சொன்னேன். சில்லுகளைக் கழற்றித் தகடுகளைக் கழுவினேன். பிறேக் கட்டைகள் எண்ணெய் குடித்துவிட்டதால் எறிந்துவிட்டு, நகரத்திலிருந்து புதிதாக வாங்கி வந்து போட்டேன். அப்பா பக்கத்தில் குந்தியிருந்து, எதை எதைத் தொடக் கூடாது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார். கதவு ரப்பர்கள் நான் நினைத்தபடியே ஊதின. மூன்று கதவுகள் இப்போதும் இடித்தால்தான் மூடும். மழை நாளில் கண்ணாடியை ஏற்றிவிட்டால் உள்ளே சுறா மணக்கும்.

பிறகு வள்ளத்துக்கு எண்ணெய் தேடிக் காய்ச்சிப் பூசுவதற்குள் கடல் அடங்கி மற்றவர்கள் தொழிலுக்கு இறங்கிவிட்டார்கள். அம்மா சொன்னபடியே அப்பா கரையில் இருந்தார். யாராவது பகிடி பண்ணினால், "என்ர மகள்ட கார் முதல்ல" என்பாராம்.

இப்போது பாலையூற்றில் என்னோடு படித்த தோழி வீட்டுப் பின்வளவில் ஒரு கொட்டில் வாடகைக்கு எடுத்திருக்கிறேன். முழு வீட்டுக்குக் கொடுக்க இருந்ததோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. கார் அங்கே இருக்கிறது, நான் வீட்டில் இருக்கிறேன். வேலைக்குப் பஸ்ஸில் போய் வருகிறேன். ஞாயிறு விடியப் போய்க் காரை எடுத்து, புல்மோட்டை ரோட்டில் ஒரு ஓட்டம். 'மகள் எங்கே இருக்கிறாள்' என்று யாராவது கேட்டால் அப்பா சொல்வது இதுதான்: "மகள் எங்களோடதான். கார்தான் டவுணுக்கு அங்கால வாடகைக்கு இருக்குது."

எங்கே குடியிருந்தால் எது மிச்சம், எது நட்டம் என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்தவள் நான். அந்த யோசனையில் ஓர் இடத்திலும் அப்பாவை நான் சேர்த்துப் பார்த்ததே இல்லை என்பதுதான் இன்றைக்கும் என்னைத் திடுக்கிட வைக்கிறது.