பேர் வாசித்த பிரவுசர்

சுஜாதாவுக்கு மலையாளம் சரளமாகப் பேச வரும். ஆனால் ஒரு எழுத்துகூடப் படிக்க வராது. சிலமலையிலிருந்து விடியுமுன்னே ஜீப் ஏறி, போடிமெட்டு தாண்டி கேரளத்து ஏலத் தோட்டத்து ஆபீசுக்கு வேலைக்குப் போக ஆரம்பித்து ஒன்பது வருஷம். மேனேஜர் பேசுவதைக் கேட்டே பழகிய மலையாளம் அது.

அந்தச் செவ்வாய்க்கிழமை கம்ப்யூட்டரைத் திறந்ததும், பழைய பிரவுசருக்கு இனி அப்டேட் கிடையாது என்று வந்து நின்றது. ஏற்கெனவே எந்தப் பக்கத்தைத் தொட்டாலும் நாலு விளம்பரம் மேலே வந்து விழும். "விட்டது சனி" என்று பயர்பாக்ஸை இறக்கினாள். புக்மார்க், பாஸ்வேர்டு எல்லாம் அப்படியே புதுசுக்குக் குடிவந்துவிட்டன. அதைப் பார்த்ததும் கை துறுதுறுத்தது. பிரவுசரில் கூடுதலாகப் பொருத்துகிற எக்ஸ்டென்ஷன்கள் உள்ள பக்கத்துக்குள் நுழைந்தவள், திருவிழாக் கடையில் புகுந்த மாதிரி கண்ணில் பட்டதையெல்லாம் போட்டாள். பதினொன்று! கம்ப்யூட்டர் முக்கி முனகி அசையாமல் நின்றது.

ஒவ்வொன்றாகத் தூக்கினாள். வானிலை சொல்கிற ஒன்று, அவள் திறக்கிற எல்லாப் பக்கத்தையும் படிக்க அனுமதி வாங்கி வைத்திருந்தது. "மழை வருதான்னு சொல்ல ஒனக்கு என் பேங்க் பக்கம் எதுக்கு? போ வெளிய." கடைசியில் மிஞ்சியது இரண்டு: விளம்பரத்தை மறிப்பது ஒன்று, பக்கத்தை வாய்விட்டு வாசிப்பது இன்னொன்று. வாசிப்பதன் மொழிப் பட்டியலைப் பார்த்தாள். தமிழுக்குக் கொஞ்சம் மேலே மலையாளம்!

அந்நேரம் தோட்டத்தில் ஏலக்காய் எடுக்கிற முத்துப்பேச்சி வாசலில் வந்து நின்றாள். அவள் மகள் பவதாரணி மேலே உள்ள மலையாளப் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாவது.

"சுஜாக்கா, வெளையாட்டுப் போட்டிக்கு யார் யாரு போறாகன்னு பள்ளிக்கூடத்து நெட்டுல போட்டாச்சாமே. பாத்துச் சொல்லுங்க."

"பாக்க வேணாம் பேச்சி. கேட்டுருவோம், வா!"

பள்ளிக்கூடத்துப் பக்கத்தைத் திறந்து பொத்தானை அழுத்தினாள். உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் நிதானமாக வாசித்தது: "லோங் ஜம்ப், பெண்குட்டிகள். ஆன்மேரி. பவதாரணி எம்."

முத்துப்பேச்சி மேசையைப் பிடித்துக்கொண்டாள். "ஆத்தாடி! எம்பிள்ள பேரு! இன்னொருக்கா போடுங்க!"

இன்னொருக்கா போட்டாள். குரல் தொடர்ந்தது: "சனியாழ்ச ராவிலே எட்டு மணிக்கு நெடுங்கண்டம் மைதானத்து எத்தணம்."

"காலையில எட்டு மணிக்கே அங்க போய்ச் சேரணுமா? அப்ப வெரசா கெளம்பணுமே!" என்று முத்துப்பேச்சி அப்போதே ஓடினாள். கொஞ்ச நேரத்தில் அவள் சொல்லக் கேட்டு, இடுப்பில் கூடையுமாக ஏழெட்டுத் தோட்டத்துப் பெண்கள் ஆபீசுக்குள் வந்து நெருக்கியடித்து நின்றார்கள். பவதாரணி பேரை அவர்களுக்காக ஆறு தடவை வாசிக்க வேண்டியிருந்தது.

சனிக்கிழமை சுஜாதாவும் லீவு போட்டு மைதானத்துக்குப் போனாள். பவதாரணி மூன்றாவதாக வந்தாள். கடைசித் தாவலில் அவள் மணலை உதறிக்கொண்டு எழுந்தபோது சுஜாதா போட்ட கூச்சலில் தொண்டை கட்டி, திங்கட்கிழமை பூராவும் மேனேஜரிடம் சைகையிலேதான் பேசினாள்.