கலக்காத பெற்றோல்

பழைய டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள்களுக்கு இப்போது மறுபடியும் மவுசு வந்திருக்கிறது. மாத்தளை டவுனில் என்னோடு வேலை செய்யும் பையன்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தக் காலத்துச் சைக்கிள் எத்தனை கிலோ, எது வேகம், எது மலையேறும் என்று வாய் வலிக்கப் பேசுகிறார்கள். இவர்கள் தொட்டிலில் கிடந்தபோதே வழக்கொழிந்துபோன வண்டிகள் அவை. ஒருநாள் என்னிடமும் கேட்டார்கள், "மிஸ், ஒங்க வீட்டுல அந்தக் காலத்துல ஏதாவது இருந்துச்சா?" இருந்தது என்றேன். எந்த மொடல் என்று கேட்பதற்குள் சாப்பாட்டுப் பெட்டியை மூடிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

எல்கடுவப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம் எங்களுடையது. எங்களுடையது என்றால் நாங்கள் அங்கே தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயம் ஒன்றில் இருந்தோம், அவ்வளவுதான். அப்பா தோட்டத்து ஃபெக்டரியில் மெஷின்களைப் பார்த்துக்கொள்பவர். அம்மா கொழுந்து எடுப்பாள். அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர் என்று இருந்தது ஒரு தம்பிதான். தாய் தகப்பன் போனபிறகு அம்மா தூக்கி வளர்த்தவர். அவர்தான் என் மாமா. டவுனில் ஒரு கடையில் வேலை செய்துகொண்டு எங்களோடுதான் தங்கியிருந்தார்.

அப்பாவிடம் ஒரு டூ ஸ்ட்ரோக் சைக்கிள் இருந்தது. யாரோ ஓட்டித் தேய்த்து, அதற்கப்புறம் வேறு யாரோ ஓட்டித் தேய்த்து, கடைசியில் அப்பா கைக்கு வந்து சேர்ந்தது. அந்தக் காலத்துச் சைக்கிள்களில் பெற்றோலை அப்படியே ஊற்ற முடியாது. எஞ்சினுக்கு வேண்டிய எண்ணெயையும் அதோடு கலந்துதான் தாங்கியில் ஊற்ற வேண்டும். அப்பா ஒரு போத்தலில் பெற்றோலையும் எண்ணெயையும் அளந்து ஊற்றி, வாயைக் கட்டைவிரலால் அடைத்துக் குலுக்குவார். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பார். திருப்தி இல்லாவிட்டால் இன்னும் கொஞ்சம் குலுக்குவார். குழந்தைக்குப் பால் கரைக்கிறவர்கூட அத்தனை பக்குவம் பார்க்க மாட்டார்.

மாமா வாங்கியது அதற்கு அடுத்த தலைமுறை. அதில் எண்ணெய்க்குத் தனி டப்பா. ஒரு சின்னப் பம்ப் எண்ணெயைத் தானே எஞ்சினுக்கு அனுப்பிவிடும். தாங்கியில் வெறும் பெற்றோல் ஊற்றினால் போதும். அது வீட்டு வாசலுக்கு வந்த நாளிலிருந்து மாமாவின் வாய் ஓயவில்லை. அப்பா போத்தலைக் குலுக்கத் தொடங்கியதும் இஸ்தோப்புத் திண்ணையில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "மச்சான், கெழவருக்குக் கஷாயம் ரெடியா?" என்பார். அப்பா சிரிக்கவும் மாட்டார், கோபிக்கவும் மாட்டார். "ஒன்னோடது கொசு மாதிரி கத்துது மாப்ள. மொத அதுக்கு மருந்து குடு" என்பார். அம்மா உள்ளேயிருந்து, ரெண்டு இரும்பையும் கூட்டிக்கொண்டு ரெண்டு பேரும் எங்கேயாவது போய்த் தொலையுங்கள் என்று கத்துவாள். அப்படிக் கத்தும்போது அவள் குரலில் சந்தோஷம் இருக்கும். அம்மாவுக்கு அப்போது வயிறு தெரியத் தொடங்கியிருந்தது. எனக்குத் தம்பிதான் என்று லயமே முடிவு செய்திருந்தது.

எது கனம், எது இழுவை என்ற வழக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாத்தளை டவுனுக்கே போனது. அங்கே மிளகு, கராம்பு வாங்கும் ஒரு முஸ்லிம் நானாவின் கடை இருந்தது. மூட்டைகளை ஏற்றி நிறுக்கும் பெரிய மேடைத் தராசு அவரிடம்தான். வாப்பா விட்டுப்போன ஒரு ஆதிகாலத்து டூ ஸ்ட்ரோக்கும் அவரிடம் கிடந்தது. மூன்றையும் நிறுத்துப் பார்ப்பது என்று பேச்சு. கடைக்கு வந்தவர்கள் மிளகை மறந்துவிட்டு வட்டம் கட்டினார்கள்.

நானாவின் சைக்கிளை நான்கு பேர் தள்ளி ஏற்றினார்கள். அதன் எடையைப் பார்த்து நானாவே தலையில் கைவைத்தார். அடுத்து அப்பாவுடையது. அதைவிட மெலிவு, ஆனாலும் திடம். மாமாவுடையதை மாமா தானே ஒற்றைக் கையால் தள்ளி ஏற்றிவிட்டு எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார். முள் பாதி வழியிலேயே நின்றதுபோல நின்றது. பிறகு யாருக்கோ யோசனை தோன்றி என்னைத் தூக்கி மாமாவின் சைக்கிளில் உட்காரவைத்தார்கள். முள் அப்பாவுடைய சைக்கிளின் எடைக்கு வந்து நின்றது. இரண்டு தலைமுறைக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் சரியாக ஒரு நான். அன்று முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை.

நானா மட்டும் மாமாவுக்குத் தீர்ப்புச் சொல்ல மறுத்துவிட்டார். "பாரத்தப் பாத்து என்னா செய்ய தம்பி, பாரம் சொமக்குமாண்டு பாக்கணும்." அரிசி மூட்டை ஆளுக்கொன்று கட்டிக்கொண்டு இரண்டு பேரும் தோட்டத்துக்குத் திரும்பினார்கள். நான் அப்பாவின் முன்னால், பெற்றோல் தாங்கியின்மேல். கீழ் ரோட்டில் மாமா காற்றாகப் போனார். மேடு தொடங்கியதும் அவருடைய சைக்கிளுக்கு மூச்சு முட்டியது. முறுக்கிப் பிடித்தால்தான் அதற்குப் பலம். மூட்டையோடு வளைவில் வேகம் குறைந்ததும் படுத்துவிடும். அப்பாவுடையது எப்போதும்போல முனகிக்கொண்டே, நின்றுபோகிற மாதிரி வந்து, நிற்காமலே ஏறியது. கடைசி வளைவில் மாமா இறங்கித் தள்ளிக்கொண்டிருந்ததைத் தாண்டிப் போனோம். அப்பா ஹோர்ன் கூட அடிக்கவில்லை. மூட்டையைச் சரியாகக் கட்டவில்லை என்று மாமா ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இதுவரைக்கும் சொல்ல நன்றாகத்தான் இருக்கிறது.

அம்மாவின் பிரசவத்துக்கு இன்னும் நாள் இருந்தது. ஒரு காலையில் ஃபெக்டரியில் ஏதோ பெல்ட் அறுந்து, புதியது வாங்க அப்பா தோட்டத்து லொறியில் கண்டிக்குப் போனார். அவர் போய்க் கொஞ்ச நேரத்தில் அம்மா அடுப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அடுத்த காம்பரா வீட்டிலிருந்து அத்தை ஓடி வந்தாள். அப்பாவின் அக்கா, லயத்தில் நாலைந்து பிள்ளைகளைக் கையில் வாங்கியவள். பார்த்த உடனேயே இது தன்னால் ஆகாது, ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டாள். தோட்டத்தில் இருந்த ஒரே லொறி கண்டி ரோட்டில் போய்க்கொண்டிருந்தது.

அன்று மாமாவுக்கு லீவு. இரண்டு சைக்கிளும் வாசலில் நின்றன. மாமா ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை, அப்பாவுடையதைத்தான் பிடித்தார். எங்கள் லயம் பள்ளத்தில் இருந்தது. பெரிய ரோட்டைத் தொடுவதற்கே செங்குத்தான மேடு ஏற வேண்டும். அம்மாவை நடுவில் உட்காரவைத்து, அத்தை பின்னாலிருந்து பிடித்துக்கொண்டால் மூன்று பேர். அந்தப் பாரத்தோடு மேடேறும் சைக்கிள் எது என்று அவருக்குத் தெரியும். வாயால் ஒருபோதும் ஒப்புக்கொள்ளாததை அன்று கையால் ஒப்புக்கொண்டார். அது சரியான முடிவும்கூட. யார் கேட்டாலும் நான் அப்படித்தான் சொல்வேன்.

அப்பாவின் தாங்கியை ஆட்டிப் பார்த்தார். அடியில் கொஞ்சம்தான் சலசலத்தது. தன்னுடைய சைக்கிளிலிருந்து ஒரு குழாயைப் போட்டு, வாயால் உறிஞ்சி, துப்பி, இருந்த பெற்றோலைக் கடைசிச் சொட்டுவரை அப்பாவின் சைக்கிளுக்கு இறக்கினார். மாத்தளை ஆஸ்பத்திரி வரைக்கும் போக வேண்டுமே. அத்தை உள்ளே அம்மாவோடு இருந்தாள். இதைப் பார்த்துக்கொண்டு நின்றவள் நான் ஒருத்திதான். உள்ளே அம்மா கத்தினாள். மாமா மூடியைத் திருகிவிட்டு ஓடினார். எண்ணெய் டின் எங்கள் அடுப்படித் தட்டில், மண்ணெண்ணெய் போத்தலுக்குப் பக்கத்தில், எப்போதும் இருக்கும் இடத்திலேயே இருந்தது.

நாள் தவறாமல் கஷாயம் என்று கேலி செய்தவர் அவர். அந்தச் சைக்கிளுக்கு எண்ணெய் கலக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் அவருடைய கைக்குப் பழக்கமில்லை. அவர் கைக்குத் தெரிந்ததெல்லாம் பெற்றோலை ஊற்று, மூடு, கிளம்பு. அக்காள் கத்திக்கொண்டிருக்கும்போது மனிதனுக்குக் கைதான் வேலை செய்யும், மூளை செய்யாது.

அவர்கள் போனபிறகு நானும் லயத்துப் பெண்களும் வாசலில் நின்று சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். மேட்டுப் பாதை மலையைச் சுற்றிச் சுற்றிப் போவதால் சைக்கிள் எந்த வளைவில் இருக்கிறது என்று கீழேயிருந்தே சொல்லிவிடலாம். முதல் வளைவு, இரண்டாம் வளைவு. அந்த முனகல் மேலே மேலே போனது. பிறகு சட்டென்று நின்றது. யாரோ ஒரு கிழவி, பெரிய ரோட்டைப் பிடித்துவிட்டார்கள், இனிமேல் இறக்கம்தான், சத்தம் வராது என்றாள். பெண்கள் முருகனைக் கும்பிட்டுக்கொண்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். எனக்கு ஒருத்தி தேத்தண்ணீர் கொடுத்தாள்.

நான் குடித்து முடிப்பதற்குள் மாமா தேயிலைச் செடிகளுக்கு நடுவே குறுக்குப் பாதையில் விழுந்து எழுந்து ஓடி வந்தார். "எஞ்சின் புடிச்சிக்கிருச்சு" என்று மட்டும் சொன்னார். எண்ணெய் காணாத எஞ்சின், மூன்று பேர் பாரத்தோடு மேட்டில் சூடேறி, உள்ளே இரும்பும் இரும்பும் ஒட்டி இறுகிவிட்டது. தன் சைக்கிளை இழுத்து உதைத்தார். மறுபடி உதைத்தார். அது எப்படிக் கிளம்பும்? அதிலிருந்ததைத்தான் ஒரு சொட்டு விடாமல் இறக்கியிருந்தாரே. அதைக் கீழே தள்ளிவிட்டு, நிலத்தில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். பெரியவர் ஒருவர் அழுவதை நான் அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன்.

தேயிலை மலையில் வேலையாக இருந்த ஆண்கள் கம்பளியும் கம்புமாக ஓடினார்கள். கம்பளியில் படுக்கவைத்து அம்மாவைப் பெரிய ரோட்டுக்குத் தூக்கிப்போய், ஒரு வேனை மறித்து ஏற்றினார்கள். தம்பி அதற்கு முன்பே, அந்த வளைவிலேயே, பிறந்துவிட்டான். அவன் அழவே இல்லை. அத்தை அவனைத் தன் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு நடந்தே லயத்துக்கு வந்தாள். எனக்குக் காட்டவில்லை.

அப்பா பொழுது சாயும் நேரம் வந்தார். அவர் கையில் அந்தப் புது பெல்ட் இருந்தது. வாசலில் அவருடைய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தியிருந்தார்கள். நேராக அதனிடம் போனார். தாங்கி மூடியைத் திறந்து விரலை விட்டார். விரல்களை உரசிப் பார்த்தார், மோந்து பார்த்தார். அப்புறம் கீழே கிடந்த மாமாவின் சைக்கிளை நிமிர்த்தி, அதன் மூடியையும் திறந்து பார்த்தார். நிதானமாக மூடினார். சாரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு, கூடியிருந்த எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "நேத்து நாந்தான் ஒயில் கலக்காம ஊத்திட்டேன். ஞாபகமே இல்ல."

மாமா எப்போதும் அரைத் தாங்கிப் பெற்றோலோடு சுற்றுகிறவர். அவருடைய சைக்கிள் ஏன் காலியாக இருந்தது என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. கண்ணால் பார்த்த எனக்கே அதன் அர்த்தம் விளங்கப் பல வருஷம் ஆனது.

அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அத்தை அவளிடம் இதைத்தான் சொன்னாள். அம்மா அதை நம்பினாள். இன்றுவரை நம்புகிறாள். அதற்கப்புறம் அப்பாவுக்குச் சோறு போடுவாள், துணி துவைப்பாள், முகம் பார்த்துப் பேசமாட்டாள். அவளுக்கு வேறு பிள்ளையும் பிறக்கவில்லை. மாமாவை மட்டும் பக்கத்தில் உட்காரவைத்து, என் தம்பி என்னைக் காப்பாற்ற என்ன பாடுபட்டான் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள். மாமா அதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியாமல் எழுந்துபோவார். போகிற இடம் கசிப்புக் கொட்டிலாக இருந்தது. குடித்தே போனார். அப்பா அதற்குப் பிறகும் பல வருஷம் இருந்தார். கடைசிக் காலத்தில் அவர் தண்ணீர் கேட்டால்கூட அம்மா என்னிடம்தான் செம்பைக் கொடுத்து அனுப்புவாள். ஒருவரைக் காப்பாற்ற அவர் சொன்ன பொய் ஒருவரையும் காப்பாற்றவில்லை. அதை இப்போது அம்மாவிடம் சொல்லலாமா? சொன்னால் அவளுக்கு மிஞ்சியிருப்பது என்ன? புருஷனைத்தான் இழந்தாள், தம்பியாவது நல்லவன் என்று உயிரோடிருப்பவள். எனக்கு வழி தெரியவில்லை.

அன்று அப்பா அதைச் சொன்னதும், சுவரோரம் குந்தியிருந்த மாமா விருட்டென்று நிமிர்ந்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அப்பா திரும்பிக்கூடப் பார்க்காமல், "நீ சும்மா இரு மாப்ள" என்றார். அந்தக் குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை. குற்றத்தைத் தான் செய்துவிட்டு, ஓடியோடி உதவி செய்த மாமாவை அப்பா அதட்டுகிறார் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. நான் போய் மாமாவை ஒட்டி உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அத்தையும் வந்து மாமாவின் தலையைத் தடவிவிட்டாள். அப்பா வாசலில் தனியாக நின்றுகொண்டிருந்தார்.