தங்க செட்டில் நாலாவது பெயர்

என் மாமா யாரையும் பெயர் சொல்லி நினைவில் வைத்ததை நான் கண்டதில்லை. கடைத்தெருவில் ஒரு இளைஞன் வணக்கம் சொல்லிவிட்டுப் போனால், அவன் யார் என்று அம்மா கேட்பார். "உவன் ரியூஷன் செட்டில மூன்றாமவன்" என்பார் மாமா. அதற்கு மேல் ஒரு மனிதனைப் பற்றித் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை என்பது அவரது எண்ணம்.

மாமா அம்மாவின் தம்பி. கிழமை நாட்களில் தன் வான் வண்டியில் போய்த் தமிழ்க் கடைகளுக்குச் சாமான் இறக்குவார். ஞாயிறு காலைகளில் லண்டன் ரெய்னர்ஸ் லேனுக்குப் பக்கத்து மைதானத்தில் எங்கள் ஊர்ச் சங்கத்தின் உதைபந்தாட்டக் கழகத்துக்கு அவர்தான் பயிற்சி கொடுக்கும் மாஸ்ரர். ஒவ்வொரு செப்டெம்பரிலும் புதுப் பெடியன்களைச் சேர்ப்பார். ஒரே ஆண்டில் பிறந்தவர்கள் ஒரு செட். செட்டுக்குள் முதலாவது, இரண்டாவது என்று ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் உண்டு. அதோடு நின்றால் பரவாயில்லை. கழகம் தொடங்கிய நாளிலிருந்து வந்த செட்டுகளையும் ஒன்றுக்குப் பின் ஒன்றாக அடுக்கி, எது திறம், எது உதவாது என்று வருடாவருடம் தீர்ப்புச் சொல்லுவார்.

எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது தங்க செட். அதில் மூன்று பேரைப் பெரிய கழகங்கள் கூப்பிட்டுப் பார்த்தன. யாரையும் எடுக்கவில்லை. ஆனாலும் கூப்பிட்டார்கள் அல்லவா, அது போதும் மாமாவுக்கு. அடியில் கிடந்தது ரியூஷன் செட். எல்லோரும் பாதியில் விட்டுவிட்டுப் படிக்கப் போய் டொக்டர்களாகவும் எக்கவுண்டன்ட்களாகவும் ஆனவர்கள். தாய்மார் அந்தப் பிள்ளைகளைத்தான் மெச்சினார்கள். மாமா அவர்களை மன்னிக்கவே இல்லை.

என் அண்ணாவின் செட் நடுவில் எங்கோ இருந்தது. ஆனால் அதில் அண்ணா முதலாவது. எனக்கு அப்போது பதினொரு வயது. எனக்கு அண்ணாவைவிடப் பெரிய ஆள் இந்தப் பூமியில் கிடையாது. தண்ணீர்ப் போத்தலோடு கோட்டுக்கு வெளியே நின்று அவர் பெயரைக் கத்துவதே என் ஞாயிற்றுக்கிழமை.

பிறகு நிரோஜன் அண்ணா வந்தார்.

மாமா குட்மேய்ஸில் ஒரு கடைக்கு அரிசி மூட்டை இறக்கப் போனபோது, பின்னால் இருந்த பூங்காவில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஒருவர் பந்தடிப்பதைக் கண்டிருக்கிறார். அரிசி வானிலேயே கிடக்க, அரை மணித்தியாலம் நின்று பார்த்தாராம். அந்தப் பையன் ஊரிலிருந்து அகதியாகத் தனியே வந்தவர். தாயும் தகப்பனும் இல்லை, கையில் ஒரு கடதாசியும் இல்லை. கவுன்சில் அவரை அங்கே ஒரு தமிழ் அன்ரியின் வீட்டில் வளர்ப்புப் பிள்ளையாக வைத்திருந்தது. அடுத்த ஞாயிறு லண்டனின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ரெயின் மாறி மாறி அவர் வந்து சேர்ந்தார். அண்ணா தன் பழைய பூட்ஸைக் கொடுத்தார். அளவு அச்சொட்டாக இருந்தது.

இரண்டாவது கிழமையே அண்ணா இரண்டாமவர் ஆகிவிட்டார். அண்ணாவின் செட் நடுவிலிருந்து மேலே ஏறித் தங்க செட்டுக்கு அடுத்த இடத்தில் வந்து நின்றது. அண்ணாவுக்கு அதில் ஒரே சந்தோசம். நிரோஜன் அண்ணா எங்கே பந்தைப் போடுவார் என்று தனக்கு மட்டும்தான் தெரியும் என்று சாப்பாட்டு மேசையில் சொல்லிக்கொண்டே இருப்பார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. உடையவனுக்கே கவலை இல்லை, மாரடித்தது நான்.

அண்ணாவின் பதினாறாவது பிறந்தநாளுக்கு நிரோஜன் அண்ணா எங்கள் வீட்டுக்கு வந்தார். கேக் வெட்டும்போது, "நான் உங்கட அண்ணாவை விடப் பதினொரு நாள் இளையன், தங்கச்சி" என்று என்னிடம் சொன்னார். பிறந்த அன்று ஊரில் கோயில் தேர் என்று அவருடைய அம்மா சொல்லுவாராம். நான் கேக் சாப்பிட்டபடி விரலில் எண்ணிப் பார்த்தேன். பதினோராம் நாள் பள்ளிக்கூட நாள். ஆகவே அவரது வயது எனக்குத் தெரியாது என்று நான் ஒருநாளும் சொல்ல முடியாது.

ஆனால் மைதானத்து ஓரத்தில் பிளாஸ்கும் ரோல்ஸுமாக நின்ற தாய்மாருக்கு வேறு கணக்கு இருந்தது. "உவனுக்குப் பதினாறாம். தாடியப் பாருங்கோ அக்கா" என்று ஒருத்தி தொடங்குவார். "பத்தொன்பது எண்டு தாராளமாச் சொல்லலாம்" என்று என் அம்மாவும் சேர்ந்துகொள்வார். தங்கள் பிள்ளைகளின் இடம் ஒவ்வொன்று கீழே இறங்கிய எரிச்சல் அது. வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு அந்தப் பையனுக்கே இரண்டு ரோல்ஸ் கூடக் கொடுப்பார்கள்.

வயதைப் பற்றி எங்கள் வீட்டில் நான் கற்றதையும் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு இரண்டு பிறந்தநாள். கடவுச்சீட்டில் உள்ளதற்குக் கேக். உண்மையான நாளுக்கு அம்மா ஆடி மாதத்தில் காய்ச்சும் பாயாசம். இரண்டுக்கும் இடையே நான்கு வருட வித்தியாசம். இலவசப் பயணத்துக்காகப் பஸ்ஸில் அண்ணா பதினாறு தாண்டியும் பதினைந்து வயதிலேயே நின்றார். பாரிஸிலிருந்து வந்த சித்தி ஒருவர் அம்மாவுக்கு அக்காவாக வந்து தங்கச்சியாகத் திரும்பிப் போனார். வயது என்பது எங்கள் வீட்டுக் கதவுத் திரை போல, வருகிற ஆளைப் பார்த்து இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ இழுத்துவிடுவது. அதனால் யாரும் செத்துப் போனதாக நான் கேள்விப்படவில்லை.

அந்த வருடம் சங்கம் ஆண்டு மலர் போட்டது. எல்லா செட்டுகளின் வரிசையும் முதல் தடவையாக அச்சில் வரப் போகிறது என்று மாமா கால் நிலத்தில் படாமல் திரிந்தார். பெடியன்கள் வாசிக்க வேண்டுமே என்று அந்தப் பக்கங்கள் மட்டும் ஆங்கிலத்தில். பழுப்பு நிறத் தாள் ஒன்றில் தன் கையால் எழுதி என்னிடம் தந்து, "பிள்ளை, வடிவா ரைப் பண்ணித் தா" என்றார்.

அண்ணாவின் செட்டுக்கு வந்தபோது என் விரல் நின்றது. முதலாவது, நிரோஜன். இரண்டாவது, அண்ணா. நான் யோசித்தேன். கெட்டது செய்கிறோம் என்று யோசிக்கவில்லை. நியாயமாகத்தான் யோசித்தேன். அம்மாவே பத்தொன்பது என்கிறார். பத்தொன்பது என்றால் தங்க செட். அதில் கூப்பிடப்பட்ட அந்த மூன்று பேருக்கு அடுத்ததாக, நாலாவதாக, அவரைத் தூக்கி வைத்தேன். அண்ணாவுக்கு முதல் இடம் திரும்பக் கிடைத்தது. நிரோஜன் அண்ணாவுக்கோ கழகத்தின் மிகச் சிறந்த செட்டில் இடம். இருவருக்கும் நல்லதுதானே என்று கம்பியூட்டரை மூடினேன். தாளை என் கணக்குக் கொப்பிக்குள் வைத்தேன்.

ஒப்புநோக்கியவர் சங்கச் செயலாளர். அவர் விளம்பரம் தந்த கடைகளின் பெயர்களை மட்டும் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்.

மலர் வெளியீடு அன்று மண்டபத்தில் மாமா அந்தப் பக்கத்தைத் திறந்ததும் முகம் கறுத்தார். அச்சுக்காரன் குழப்பிவிட்டான் என்று பொரிந்துகொண்டு செயலாளரைத் தேடி எழுந்தார். அதற்குள் நிரோஜன் அண்ணா மலரை இரண்டு கையாலும் பிடித்தபடி வந்து அவர் முன்னால் நின்றார்.

"மாஸ்ரர், என்னைத் தங்க செட்டில போட்டிருக்கிறீங்கள்" என்றார். கண் கலங்கியிருந்தது. இந்த நாட்டில் அவரது பெயர் அச்சில் வந்தது அன்றைக்குத்தான்.

மாமா அவரது தோளில் தட்டிவிட்டு உட்கார்ந்தார். "அந்த முகத்தப் பாத்தாப் பிறகு எப்பிடியக்கா பிழையெண்டு சொல்லுறது?" என்று பின்னேரம் அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. எனக்கு ஒரே நிம்மதி.

கவுன்சில் ஆட்கள் நிரோஜன் அண்ணாவின் வயதை நம்பவில்லை என்பதும், அதைத் தீர்மானிக்க ஒரு கூட்டம் வைத்திருந்தார்கள் என்பதும் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. பதினெட்டுக்குக் கீழே என்றால்தான் அவரை அன்ரி வீட்டில் வைத்திருப்பார்கள். அவர் அதை யாருக்கும் சொல்லவில்லை. அந்தக் கூட்டத்துக்கு நல்ல சேர்ட் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். படிக்கிறேன், விளையாடுகிறேன், நாலு பேர் என்னை மதிக்கிறார்கள் என்று காட்டுவதற்கு அவரிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மலரைத் திறந்து, தன் பெயரை விரலால் தொட்டு, தானாகவே மேசையில் வைத்திருக்கிறார். அந்தப் பெயருக்கு மேலே செட்டின் பிறந்த ஆண்டு பெரிய எழுத்தில் இருந்தது, அதன்படி அவருக்குப் பத்தொன்பது. அந்த ஆண்டை அவர் செட்டின் பட்டப்பெயர் என்று நினைத்திருப்பார். எங்கள் எல்லோருக்கும் அது வெறும் பட்டப்பெயராகத்தான் பழகியிருந்தது.

ஒரு மாதம் கழித்து மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணி வேண்டாம் என்றார். நிரோஜன் அண்ணா பதினெட்டு தாண்டிய வளர்ந்த ஆள் என்று கவுன்சில் கூட்டத்தில் முடிவாகிவிட்டதாம். மற்றக் காரணங்களுக்கெல்லாம் பதில் சொல்லலாம், அவரே கொண்டுபோய்க் கொடுத்த புத்தகத்துக்கு என்ன பதில் சொல்வது என்று அவருடைய லோயர் கேட்டாராம். அது பிழை என்று காட்ட முதலில் எழுதிய தாள் இருந்தால் கொண்டு வரட்டாம்.

"பிள்ளை, நான் எழுதித் தந்த தாள் எங்க?"

அண்ணாவும் அம்மாவும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாள் என் பையில் கணக்குக் கொப்பிக்குள் இருந்தது. அதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நான் செய்தது தெரிந்துவிடும், அண்ணா மறுபடியும் இரண்டாமவர் ஆகிவிடுவார், அண்ணா என்னோடு கதைக்கமாட்டார். அவ்வளவுதான் என் தலைக்குள் இருந்தது.

"எறிஞ்சுபோட்டன் மாமா."

"நீ சரியாத்தானே அடிச்சனி?"

"ஓம்."

மாமா என்னை நம்பினார். பிழை தன்னுடையது என்று அவரே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். தன் ஆட்டக்காரனைக் காப்பாற்ற எந்த மாஸ்ரரும் இப்படித்தான் எழுதுவார் என்று அதைத் தள்ளி வைத்துவிட்டார்கள். பத்தொன்பது என்று சொன்ன அம்மா, அன்றிரவு சாப்பிடவில்லை.

நிரோஜன் அண்ணாவை அன்ரியின் வீட்டிலிருந்து எடுத்து, வடக்கே ஏதோ நகரத்தில், நாற்பது வயது ஆண்கள் இருந்த வீடொன்றில் போட்டார்கள். பள்ளிக்கூடம் நின்றது. அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் என்னென்னவோ நடந்தன, எனக்கு யாரும் சொல்லவில்லை. குரோய்டனில் இருக்கிற குடிவரவு அலுவலகத்துக்கு ஒரு விசாரணைக்கு வரச் சொன்னார்களாம், போனவர் வெளியே வரவில்லை. பிறகு பிளேனில் ஏற்றிவிட்டார்கள். கொழும்பில் இறங்கியதற்கு ஆள் சாட்சி இருக்கிறது. அதன் பிறகு இல்லை. மாமா எத்தனையோ பேருக்குத் தொலைபேசி எடுத்தார். அந்த செப்டெம்பரில் அவர் புதிதாக யாரையும் சேர்க்கவில்லை. செட்டுகளை அடுக்குவதையும் விட்டுவிட்டார். இன்றைக்கு அவரிடம் போய் எந்த செட் திறம் என்று கேட்டால், எழுந்து போய்த் தோட்டத்தில் நிற்பார். அண்ணாவும் விளையாட்டை விட்டார். காரணம் கேட்க எனக்குத் துணிவு வந்ததில்லை.

நிரோஜன் அண்ணாவை நான் கடைசியாகக் கண்டது வடக்கே அனுப்புவதற்கு முந்தைய ஞாயிறு. விளையாட வரவில்லை. அண்ணா கொடுத்த பூட்ஸைக் கழுவி, லேஸ்களைக் கட்டி, ஒரு கடைப் பையில் போட்டுக் கொண்டு வந்திருந்தார். அண்ணா அதை வாங்கமாட்டேன் என்றார். அவர் அதைப் புல்லில் வைத்தார். இருவரும் அந்தப் பையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு மாமா அண்ணாவைக் கூப்பிட்டார்.

நிரோஜன் அண்ணா என்னிடம் வந்தார்.

"தங்கச்சி, மலர் ஒண்டு கிடைக்குமோ? என்னட்ட இருந்ததை கவுன்சில் ஆக்கள் வைச்சுக்கொண்டினம்."

அந்தப் புத்தகம் தனக்கு என்ன செய்தது என்று லோயர் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். தெரிந்துகொண்டுதான் கேட்டார். அவரது பெயர் வேறெங்கும் இல்லை.

நான் பையைத் திறந்தேன். மலரும் கணக்குக் கொப்பியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இருந்தன. கொப்பியின் ஓரத்தில் பழுப்புத் தாள் கொஞ்சம் வெளியே தெரிந்தது. அதை விரலால் உள்ளே தள்ளிவிட்டு மலரை எடுத்துக் கொடுத்தேன். அவர் அந்தப் பக்கத்தைத் திறந்து, பெயர் இருக்கிறதா என்று பார்த்து, சேர்ட்டுக்குள் வைத்துக்கொண்டார். "பெரிய உதவி" என்றார்.

ஆளுக்கு ஒரு மலர்தான் என்பது சங்கத்தின் விதி. இனி எனக்கு இல்லை. இருந்ததையே கொடுத்துவிட்டேன் என்று வீடு வரும் வரைக்கும் நான் பெருமைப்பட்டுக்கொண்டு வந்தேன்.